தகடு இல்லாத பூனை

“கழுத்துல பட்டை, தகடு எதுவும் இல்லைங்க. எந்த வீட்டுச் செல்லமோ, பாவம்” என்றபடி வந்தவர் கூடையை மேசைமேல் வைத்தார்.

கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறப் பூனை. காதை மடக்கி, மூலையோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு விடக்கூடப் பயந்துபோய்க் கிடந்தது. தெருவில் நாய் ஏதாவது துரத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வந்தவருக்கு நாற்பது வயது இருக்கலாம். இஸ்திரி கலையாத சட்டை, அதிர்ந்து பேசாத குரல். முன்கையில் மட்டும் புதிதாக நாலைந்து நகக்கீறல்கள். காலையில் குப்பைத்தொட்டி ஓரமாகப் பார்த்ததாகவும், விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை என்றும் சொன்னார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆளா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பூனையின் கழுத்தைத் தடவினாள். முடி வளையமாகப் படிந்து தேய்ந்திருந்தது.

“பட்டை போட்டிருந்திருக்காங்க சார். எங்கேயாவது மாட்டி அறுந்திருக்கும். இதுக்குத்தான் வர்றவங்ககிட்ட எல்லாம் சிப் வைங்க, சிப் வைங்கன்னு தொண்டை வறளக் கத்துறோம். பட்டை அறுந்துடும். தோலுக்கடியில இருக்கிற சிப் எங்கே போகும்?”

அவள் கத்துவதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பூனை காணாமல் போனபோது அதன் உடம்பில் சிப்பும் இல்லை, கழுத்தில் தகடும் இல்லை. யாரோ அதை நகராட்சிக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆள் தேடி வராத பூனைகளுக்கு அங்கே ஒரு ஊசி போடுவார்கள். அவள் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கழுவிவிட்ட கூண்டுதான் இருந்தது. மருத்துவமனையில் வேலை பார்ப்பவளின் பூனைக்கே இந்தக் கதி. அந்த அவமானமும் அழுகையும் இன்னும் அவளை விட்டபாடில்லை.

ஸ்கேனரைப் பூனையின் தோள்களுக்கு நடுவே மெல்ல நகர்த்தினாள். ‘பீப்’ என்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. திரையில் வந்த எண்ணைக் கணினியில் தட்டியதும் விவரம் வந்தது. பூனையின் பெயர் வாலு. வளர்ப்பவர் ஒரு பெண். அந்தப் பெண்ணின் போன் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். மணி போனதே தவிர யாரும் எடுக்கவில்லை.

“பழைய நம்பரா இருக்குமோ?” என்று கேட்டார் வந்தவர்.

“இல்ல சார், நம்பர், அட்ரஸ் எல்லாமே போன மாசம்தான் மாத்தியிருக்காங்க.” சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. “ஓ, இப்பப் புரியுது. இவங்க வீடு மாறிப் போயிருக்காங்க. வீடு மாறினா பூனை பழைய வீட்டைத் தேடிக்கிட்டு ஓடிடும். நீங்க பார்த்த இடம் அந்தப் பழைய வீட்டுப் பக்கமா இருக்கும், வேணும்னா பாருங்க.”

“நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது” என்று அவர் வியந்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முகவரியை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. டாக்டரோ உள்ளே ஒரு நாய்க்கு அறுவை சிகிச்சையில் இருந்தார். பூனையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு கூண்டும் காலியில்லை. வந்தவருக்கு மாலையில் ரயிலைப் பிடிக்க வேண்டுமாம். வேறு வழியில்லை என்றால் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

காப்பகம் என்றதுமே அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இல்லேன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்மா. வாசல்லயே நின்னு குடுத்துட்டு வந்துடறேன். அவங்க முகத்தைப் பார்த்தா போதும் எனக்கு.”

உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டுத் தாளில் முகவரியை எழுதி, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எத்தனையாவது மாடி என்பதுவரை விளக்கிச் சொன்னாள். அவர் அதை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்தார். உள்ளே ஏதோ கிண்ணென்று சின்னதாக ஒலித்தது. சாவிக்கொத்தாக இருக்கும்.

கூடையைத் தூக்கியபோது பூனை அடித்தொண்டையில் முனகியது. “அழாதேடா, உன் வீட்டுக்குத்தான் போற” என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தாள். தன் பூனைக்குச் செய்ய முடியாததை இதற்காவது செய்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு அவளுக்கு வேலை சுறுசுறுப்பாக ஓடியது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தொலைபேசி அடித்தது. பேசியது ஒரு பெண். துணி ஆலையில் வேலையாம். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், சாப்பாட்டு நேரத்தில்தான் தருவார்களாம். இந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்திருந்ததே, என்ன விஷயம் என்று கேட்டாள்.

“உங்க வாலு கிடைச்சாச்சும்மா. கண்டெடுத்தவர் தங்கமான மனுஷன். அவரே உங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்துட்டிருக்கார். இந்நேரம் வந்திருக்கணும்.”

 எதிர்முனையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“வாலு காணாமப் போகலைங்க” என்றது அந்தக் குரல். “அதை என் புருஷன்கிட்ட விட்டுட்டுத்தான் நானும் பொண்ணும் உயிர் தப்பி ஓடி வந்தோம். என்னிக்காவது அதுவும் தப்பிச்சா எங்ககிட்ட வந்து சேரட்டும்னுதான் அட்ரஸை மாத்தி வச்சேன். வீட்ல பொண்ணு தனியா இருக்கா. யார் தட்டினாலும் திறக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன். வாலுவோட கழுத்து மணிச் சத்தம் கேட்டா திறந்துடுவா.”