வாய் கூசாமல் கேட்டது

"நீ இன்டர்வியூவுக்கு வந்தப்ப நான் உன்கிட்ட என்னென்ன கேட்டேன் தம்பி?"

முதலாளி சாதாரணமாகத்தான் கேட்டார். டெக்னீஷியன் கையிலிருந்த கடைவாய்ப்பல்தான் நழுவி மேஜைக்கடியில் ஓடியது.

பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் சின்ன லேப் அது. முன்னறையில் முதலாளி, பின்னறையில் அவன். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன். மாதக் கடைசிக்குள் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு நிபுணருக்குக் குறைந்தது இவ்வளவு சம்பளம் கொடுத்தால்தான் புதுப்பிப்போம் என்று அரசாங்கம் புதிதாக ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டது. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகளை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான்.

தொகையைக் கேட்ட அன்றே முதலாளி தலையைச் சொறிந்தார். "அவ்வளவு சம்பளம் எனக்கே கிடையாதேப்பா" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காதவர், இன்று வாயைத் திறந்தால் இன்டர்வியூ என்கிறார்.

வேறு ஆள் தேடுகிறார். உள்ளூர் ஆளாக, சல்லிசாக. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"பழைய இடத்தை ஏன் விட்டேன்னு கேட்டீங்க அண்ணே" என்றான், மேஜைக்கடியிலிருந்தே.

"ஆமா, அது முக்கியமான கேள்வி. சரி, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறேன்னு கேட்டா நல்ல வேலைக்காரன் என்ன சொல்வான்?"

மனுஷனைக் கொஞ்சம் மிரட்டி வைப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. எரிச்சலாகவும் இருந்தது. "குறைச்சுக் கேக்கறவனை நம்பாதீங்க. வேலை தெரிஞ்சவன் வாய் கூசாம அதிகமாத்தான் கேப்பான்" என்றான்.

முதலாளி மிரளவில்லை. நல்ல விஷயம் சொன்னாய் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவர் வாயால் போகச் சொல்லும்வரை நிற்பானேன், நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டு வாருங்கள், மரியாதையாவது மிஞ்சும் என்றாள். சொன்ன கையோடு பெட்டியைத் திறந்து மகளின் பள்ளிச் சீருடையை மடித்து வைத்தாள். காலையில் பள்ளிக்கூடம் உண்டு என்று ஞாபகம் வந்து திரும்ப எடுத்தாள். அதைப் பார்க்கத்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் முதலாளியை அடையாளமே தெரியவில்லை. தலைக்குக் கறுப்புச் சாயம், இஸ்திரி போட்ட சட்டை, காலில் பளபளவென்று ஷூ. பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. எழுந்து தெருவைக் கடந்து எதிர் வரிசையில் இருந்த பெரிய லேப்பின் படியில் ஏறினார். அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். போயும் போயும் போட்டிக் கடையிலிருந்தா ஆளை இழுத்துக்கொண்டு வர வேண்டும்?

மதியம் முதலாளி முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். அவன் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தான்.

"அண்ணே, நானே போயிடறேன். நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு பார்க்கறேன். புது ஆளுக்கு வேலையைக் காட்டிக் கொடுத்துட்டே போறேன்."

"எந்தப் புது ஆளு?" முதலாளி கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "எதிர்க் கடையில எனக்கு வேலை கிடைச்சிருக்குப்பா. நீ சொன்ன மாதிரியே வாய் கூசாம கேட்டேன், கொடுத்துட்டான். அந்தச் சம்பளத்தைக் கொண்டாந்து இங்க போட்டா உன் சம்பளம் சட்டப்படி சரியா வந்துடும்."

அவன் மடித்து வைத்த ஏப்ரனைத் திரும்பக் கையில் எடுத்தான். சொந்தக் கடையை விட்டுவிட்டு இந்த வயதில் இன்னொருவரிடம் கைகட்டி நிற்க வேண்டுமா என்று எப்படியோ கேட்டுவிட்டான்.

"என்ன பண்றது தம்பி? நீ போனா கடையை மூடணும். நான் போனா இன்னும் நல்லா நடக்கும்னு உங்க அண்ணி சொல்றா."