மீன் பேன்

"ஆனந்தன் வூட்டு மீனுக்குப் பேன் புட்ச்சிக்கீதாமே!"

மாவு மில்லில் மிஷின் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் பேச்சு தெளிவாகக் கேட்டது. வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், எதிர்வீட்டு மங்கம்மாவின் குரல்.

"தலையிலதான் பேன் பாத்துக்கீறேன். மீனுக்குமா?" என்றாள் இன்னொருத்தி.

"சிட்டம்மா வூட்டுப் பாசிய வாங்கித் தொட்டியில போட்டுக்கினா? பாசி மட்டுமா வரும்?"

சிரிப்பு. மறுபடி மிஷின் ஓடத் தொடங்கியது.

மாவு டின்னோடு சுலோச்சனா வீடு வந்து சேர்வதற்குள் அவமானம் கோபமாக மாறியிருந்தது.

அந்தத் தெருவில் கண்ணாடி மீன் தொட்டி இருந்த வீடு அவளுடையது ஒன்றுதான். கணவன் ஆனந்தன் பட்டுச் சங்க வேலையாக மெட்ராஸ் போனால் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு மீன் வாங்கி வருவான். பத்து நாளாக அந்த மீன்கள் கண்ணாடியில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அல்லாடின. மூன்று செத்தும் போயின. உற்றுப் பார்த்தால் செதிலின் மேல் எள் அளவில், நிறமே இல்லாத வட்டப் பூச்சி.

வீட்டு வேலைக்கு வரும் சிட்டம்மாளைக் கூடம் வரைக்கும் விட்டதும் அந்தத் தெருவில் சுலோச்சனாதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சிட்டம்மாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"மாசியில பாசி கொண்டுவந்தியே, எங்கேருந்து?"

"வூட்லருந்துதாம்மா."

"உங்க ஆள் ஜாடியில மீன் வளர்க்கிறாரே, அதுலேருந்தா?"

சிட்டம்மாள் குனிந்து பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

"அதுலதான் இந்தப் பேன் வந்திருக்கு. ஊரே சிரிக்குது."

துடைப்பத்தைப் பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றது. "இருக்கும்மா. எங்க வூட்டுதாத்தான் இருக்கும்."

"நாளையிலேருந்து கூடத்துக்கு வர வேணாம். பின்பக்கமா வந்து பாத்திரம் மட்டும் தேய்ச்சுட்டுப் போ."

"செரிம்மா." வாசல்படி வரைக்கும் போனவள் திரும்பினாள். "படித் தண்ணிக்கு ஒரு பிடி கல்லுப்பு போட்டு, மீன அதுல கொஞ்ச நேரம் வுடும்மா. பேன் உதுந்துடும். மீனு ஒருக்களிச்சா ஒடனே எடுத்து நல்ல தண்ணில வுட்டுடணும்."

சொன்னபடி செய்தாள் சுலோச்சனா. உப்புத் தண்ணீரின் அடியில் பேன்கள் உதிர்ந்து கிடந்தன. மீன்கள் பிழைத்துக்கொண்டன.

'வைத்தியம் இவ்வளவு துல்லியமாய்த் தெரிந்திருக்கிறதே, அங்கே எப்போதும் இருக்கிற சங்கதிதான் போல' என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள், தெருக்கோடியில் டெலிபோன் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான் சிட்டம்மாளின் புருஷன் முனியன். டெலிபோன் ஆபீசில் கழித்துப் போட்ட பேட்டரிக் கண்ணாடி ஜாடியில்தான் அவன் மீன் வளர்த்தான்.

"என்ன முனியா, உன் மீனுக்கெல்லாம் உப்பு வைத்தியம் ஆச்சா?" என்று கேட்டாள் அந்தப் பக்கம் வந்த சுலோச்சனா.

முனியன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"எங்க மீனா? அதுங்க தையிலயே செத்துப்பூட்ச்சிம்மா. பொங்கலுக்கு ஒரு கறுப்பு மீனு குடுத்தனுப்ச்சிங்களே, அது மேல ஒட்டிக்கினு வந்துச்சு பேனு. மறுநாள்தான் பாத்தேன். உப்பு போட்டேன். அதுக்குள்ள எங்க ரெண்டு மீனும் அதுவும் மெதந்துடுச்சி. ஜாடி காலியாத்தான் கீது."

"அப்போ எனக்குக் கொடுத்த பாசி?"

"அதுவா? நீங்க கேட்டிங்கன்னு செய்யாத்துத் தண்ணில எறங்கி எடுத்தாந்தேன். சிட்டம்மாதான் மூணு நாளு உப்புத் தண்ணில அலசி அலசி வெச்சா. நம்மால அந்த வூட்டு மீனுக்கு ஒன்னும் ஆயிடக்கூடாதுன்னுட்டு."

"கறுப்பு மீன் விஷயத்தை அவ என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

முனியன் சங்கடமாய்ச் சிரித்தான். "நானும் சொன்னேம்மா. ஆசையா குடுத்தவங்களாண்ட போயி எப்டி குறை சொல்றதுன்னுட்டா."

ஆசையாய்.

பொங்கல் சமயத்தில் அந்தக் கறுப்பு மீன் தொட்டியின் அடியில் சுணங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் மீன் செத்தால் ஆகாது என்று பயந்து, சாவதற்குள் கைமாற்றிவிட்டாள் சுலோச்சனா. "உங்க ஆளுக்கு மீன்னா உசிராச்சே, எடுத்துட்டுப் போ" என்று சொன்னபோது, சிட்டம்மாள் முகமெல்லாம் சிரிப்பாய் அதைச் சொம்பில் ஏந்திக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்த சுலோச்சனாவுக்குத் தொட்டியின் பக்கம் திரும்பவே முடியவில்லை.

சாயங்காலம் மங்கம்மா வந்தாள். தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அட, இன்னா ஆட்டம் ஆடுதுங்க! சிட்டம்மாவ உள்ள வுடாம நிறுத்தினியே, அதான் சரி. யார எங்க வெக்கணும்னு ஒரு கணக்கு கீது இல்ல?"

சுலோச்சனா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

"இன்னாடி பேச்சையே காணோம்? அவ வூட்டுப் பேன்தானே?"

பதில் பின்கட்டிலிருந்து வந்தது.

"ஆமாம்மா, எங்க வூட்டுதுதான். அம்மா மேல ஒன்னும் தப்பில்ல."

சுலோச்சனா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். சாம்பலும் ஈரமுமாய் இருந்த சிட்டம்மாளின் கையைப் பிடித்துக் கூடத்துக்குள் அழைத்து வந்து, மங்கம்மாவுக்கு நேர் எதிரே நின்றாள்.

"பேன் எங்க வீட்டுது, மங்கம்மாக்கா. சாகக் கிடந்த மீனைக் கொடுத்து, இவங்க வீட்டு மீனைக் கொன்னது நான்தான்."