ஊசியில் நிற்காத அட்டைகள்

திருவொற்றியூர் கல்யாண மண்டபத்துக்கு விண்ணப்ப அட்டை முறையை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். அட்டையின் ஓரமெங்கும் துளைகள். ஒரு துளையை விளிம்புவரை வெட்டிவிட்டால், அட்டைக் கட்டில் அதே துளை வழியாக ஊசி கோத்துத் தூக்கும்போது அந்த அட்டை மட்டும் கீழே விழும். தேதிக்கு ஒரு துளை, வந்த வரிசைக்கு ஒன்று. முதலில் கேட்டவருக்கே மண்டபம் கிடைக்க வேண்டும். அதற்காகவே இரண்டு வாரம் உழைத்தேன்.

“ஏரியாவுக்கும் ஒண்ணு வெட்டும்மா,” என்றார் செயலர் கோதண்டம்.

பதில் கடிதம் அனுப்புவதற்கு என்று நினைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துளையாக வெட்டினேன்.

ஆவணி பத்தாம் தேதிக்குப் பதினான்கு அட்டைகள். கூலித் தொழிலாளர்கள் அதிகம் வாழும் வியாசர்பாடிக்கான துளையில் அவரே ஊசியைக் கோத்து உதறினார். ஐந்து தரையில் விழுந்தன.

“இவங்களுக்கெல்லாம் ஹால் இல்லைன்னு எழுதிடு.”

“முதல்ல கேட்டவங்க இதுலதான் இருக்காங்க சார்.”

“கலீஜ் பண்ணிட்டுப் போவானுங்க. முன்னெல்லாம் மூஞ்சியப் பாத்துகினு பொய் சொல்லணும், ஒரே பேஜாரு. இப்ப ஊசியே சொல்லிடுது. நல்ல மூளைம்மா உனக்கு.”

ஒன்றையும் படிக்காமல், செருப்புக் காலால் அட்டைகளை என் பக்கம் தள்ளினார். குனிந்து ஐந்தையும் பொறுக்கினேன். அவரைவிட, அந்த மூளைதான் எனக்குக் கசந்தது.

முதல் கடிதத்தை எழுதினேன். ‘ஐயா, தங்கள் மகளின் திருமணத்துக்கு மண்டபம் தர இயலாததற்கு வருந்துகிறோம்.’

உறையின் மேல், முதல் அட்டையில் இருந்தபடியே, என் அப்பாவின் பெயரை எழுதினேன்.