கடைசிச் சுருள்

“செத்து எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஏழு நிமிஷம் இருக்கும்.”

“யாராவது கிட்ட போய்ப் பாக்கலாம்ல?”

“நீ போயேன். முந்தாநாள் போனவன் கதி மறந்துபோச்சா?”

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்து ஒற்றைத் தெருவின் நடுவே லைல் டாண்டி மல்லாந்து கிடந்தார். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் காதோரம் உறைந்திருந்தது. அவருடைய குதிரை, ‘இந்த ஆள் யாரென்றே தெரியாது’ என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

எதிரே, ஓட்டல் மாடியில், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இருபது வருடங்கள் பிறர் படங்களில் சுட்டும் சுடப்பட்டும் அலுத்துப்போன லைல், முதன்முறையாகத் தானே நடித்து இயக்கும் படம் இது. கதாநாயகன் சாகக் கூடாது, பள்ளிக்கூட ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று முதல் போட்ட கம்பெனி அடம்பிடித்தது. இன்று பொழுது சாய்வதற்குள் லைல் விரும்பிய சாவை எடுக்காவிட்டால், நாளை கம்பெனி ஆட்கள் வந்து கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். மணப்பெண் உடை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. மிச்சமிருந்ததோ ஒரே ஒரு பத்து நிமிட ஃபிலிம் சுருள்.

லைலின் படப்பிடிப்பில் ‘ஆக்‌ஷன்’ என்று யாரும் கத்தக் கூடாது; குதிரை மிரளும். அவர் ஒரு விரலைத் தூக்குவார், கேமரா ஓடும். ‘கட்’ சொல்லும் உரிமையும் அவருக்கு மட்டும்தான். முந்தாநாள் வசனத்துக்கு நடுவே அவர் வெகுநேரம் மௌனமாக நின்றபோது, மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று கிட்டே போய் ‘கட்’ சொன்னவன், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பெட்டியோடு பஸ் ஏறினான்.

“எவ்வளவுய்யா மிச்சம்?” என்று முணுமுணுத்தான் உதவி இயக்குநர் எல்வுட். கடிக்க அவனிடம் நகம் தீர்ந்துவிட்டிருந்தது.

“ரெண்டு நிமிஷம்.” கேமராமேன் ஹோபார்ட் கண்ணை எடுக்கவில்லை. “என்னா நடிப்புய்யா! படுத்தாரு, கண்ண மூடினாரு, விரல ஒரு தூக்கு தூக்கினாரு, அவ்வளவுதான். அப்புறம் பொணம்!”

“என் ரத்தத்தையும் கொஞ்சம் பாராட்டுங்க,” என்றாள் மேக்கப் போடும் வெர்னா. “ரெண்டு டப்பா வெல்லப்பாகு. ஊர்ல உள்ள ஈயெல்லாம் அங்கதான் இருக்கு. மனுஷன் அசையறாரா பாருங்க!”

“வெயிலுக்குக் காத்திருப்பாருன்னு நெனச்சேன்,” என்றான் எல்வுட். “மேகத்துலயே எடுக்கச் சொல்லிட்டாரே.”

“சாவுக்கு எதுக்குய்யா வெயிலு? அதான்யா டைரக்டர் மூளை.”

எல்வுட்டின் தொண்டை வரை ‘கட்’ வந்தது. பஸ்ஸை நினைத்து விழுங்கிக்கொண்டான். கேமராவுக்குள் சுருளின் நுனி படபடவென்று அடித்து ஓய்ந்தது.

ஹோபார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முப்பது வருஷத்துல இப்படியொரு சாவ நான் எடுத்ததில்ல.” எல்வுட் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வெர்னா, மணப்பெண் உடையை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தாள்.

அப்போது மேகம் விலகியது. தெரு முழுக்கப் பொன்னாக வெயில் கொட்டியது.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

“எல்வுட்! நான் காத்திருந்த வெயில் வந்திருச்சு. முன்ன மாதிரி ஈ விரட்ட இல்ல, இப்ப நிஜமாவே விரலத் தூக்குறேன். கேமராவ ஓட விடுங்கப்பா!”