சுவருக்கு அந்தப் பக்கம்

"கடைசிப் பாகத்துல முதல் வயலினை நீயே வாசிச்சுடு வெண்மதி. என்னால ஆகாது" என்று முரண்டு பிடித்தாள் நந்தினி.

வெண்மதி கடிகாரத்தைப் பார்த்தாள். நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. நெய்வேலி நகரியத்தின் அந்தச் சின்ன மன்றத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மைக்கும் கிடையாது, பாட்டும் கிடையாது. பெண்களின் உரிமைக்காக முதலில் குரல் கொடுத்தவர்களுக்கு, ஆளுக்கொரு பாகமாக வெண்மதி எழுதிய இசை அது. கடைசிப் பாகம் இந்த ஊர் புஷ்பவல்லிக்கு. அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. சுவரோரம் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். படத்தில் பொன்னாடையை இரண்டு தோளும் மூடப் போர்த்திக்கொண்டு சிரித்தார்.

"அவங்க உன் பக்கத்து வீட்டுக்காரங்கன்னுதானேடி உன்கிட்ட கொடுத்தேன்?"

"அதனாலதான் வேணாங்கறேன். ஊருக்கெல்லாம் அவங்க தலைவி. என் வயலினை நிறுத்தினதே அவங்கதான், தெரியுமா?"

"என்னடி சொல்ற?"

பல வருடமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை நந்தினி கொட்டித் தீர்த்தாள்.

"எங்க குவார்ட்டர்ஸும் அவங்க தம்பி குவார்ட்டர்ஸும் ஒட்டினாப்பல இருக்கும். நடுவுல ஒரே சுவர். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவங்க பகல்ல தூங்குவாங்க இல்ல? பக்கத்து வீட்டுல சத்தம் போட்டா சுவத்துல தட்டுவாங்க. 'ஆள் தூங்குது, அடங்கு'ன்னு அர்த்தம். இங்க எந்த பிளாக்குலயும் அதான் வழக்கம். நான் ஒரு பாட்டை வாசிச்சு முடிச்சா போதும், அந்தப் பக்கத்துலேர்ந்து டொக், டொக், டொக். உடனே அம்மா ஓடி வந்து வயலினைப் பிடுங்கி வச்சுடுவாங்க."

"நேர்ல போய்க் கேட்டிருக்கலாமே?"

"அம்மா அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கவே விட மாட்டாங்க. அவங்க வேற, நாம வேறம்பாங்க. கடைசியில வீட்டுல வாசிக்கறதையே விட்டுட்டு, சைக்கிள் மிதிச்சு சித்தி வீட்டுக்குப் போய் வாசிச்சேன். வழியில பாத்தா அவங்க சிரிப்பாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன்."

வெண்மதி அவள் தோளைத் தொட்டாள். "சரி, அவங்களுக்காக வாசிக்க வேணாம். அதோ வந்து உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்காக வாசி."

நந்தினி எட்டிப் பார்த்தாள். மந்தாரக்குப்பம் பக்கம் சாம்பலில் செங்கல் வார்க்கும் கம்பெனிப் பெண்கள், வேலை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். அங்கே நடந்த ஒரு விபத்துக்குப் பிறகுதான் புஷ்பவல்லி சங்கம் கட்டினார். மிஷினுக்குத் தடுப்பு, பெண்களுக்குக் கழிப்பறை, நஷ்டஈடு எல்லாம் அவர் வெயிலில் நாயாய் அலைந்து வாங்கிக் கொடுத்தவை. நந்தினிக்கும் அது தெரியும். அத்தனை பேருக்கு இரங்கிய மனசு ஒரு சின்னப் பெண்ணின் வயலினுக்கு மட்டும் இரங்கவில்லையே என்பதுதான் அவளுடைய ஆற்றாமை.

வேண்டாவெறுப்பாகத்தான் வில்லை எடுத்தாள். ஆனால் கடைசிப் பாகம் பாதியைத் தாண்டியபோது, வழியில் பார்த்த அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து தொலைத்தது. ஒரு தடவையாவது பதிலுக்குச் சிரித்திருக்கலாம். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வாசித்து முடித்தாள். மன்றம் அப்படியே அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில் கேட்டது: டொக், டொக், டொக்.

நந்தினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரோரம் நின்று தட்டியது புஷ்பவல்லியின் தம்பி மனைவி ருக்குமணி. அதற்குள் மன்றமே எழுந்து கைதட்டத் தொடங்கியது. நந்தினியின் காதில் எதுவும் ஏறவில்லை. கூட்டம் கலைந்ததும் நேரே ருக்குமணியிடம் போய் நின்றாள்.

"என்ன அத்தை, இன்னிக்குமா? இப்ப யாரு தூங்கறாங்க?"

ருக்குமணி விழித்தாள். புரிந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! அப்படியா நெனச்சிக்கினு இருந்தீங்க? எங்க வூட்டுக்காரரு தூங்குனா இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டாரும்மா. எங்க நாத்தனாதான் நீ எப்ப வாசிப்பேன்னு செவுத்துல சாஞ்சிக்கினு காத்துக்கினு இருப்பாங்க. வெளியூர்லேர்ந்து எங்களோட வந்து இருந்தவங்களுக்கு குவார்ட்டர்ஸ் வழக்கம் எங்க தெரியும்? அந்தப் பொண்ணு ஏன் நிறுத்திடுச்சின்னு சாவுற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாங்க. படுக்கையில கெடந்தப்பதான், நீ வாசிச்சு முடிச்சதும் புடிச்சுப்போயி இப்படித் தட்டுவேன்னு எங்கிட்ட சொன்னாங்க. அதான் இன்னிக்கி அவங்களுக்குப் பதிலா நான் தட்டுனேன்."

நந்தினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புடிச்சிருந்தா எல்லாரையும் போல கைதட்டியிருக்கலாமே அத்தை? சுவத்தை ஏன் தட்டினாங்க?"

கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத விஷயமா அது? ஆனால் கேட்டது கேட்டதுதான்.

ருக்குமணிக்குக் கோபம் வரவில்லை. படத்திலிருந்த பொன்னாடையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"கைதட்ட ரெண்டு கை வேணாமா கண்ணு? அவங்களுக்குத்தான் ஒரு கைய அந்த செங்கல் மிஷினு எடுத்துக்கிச்சே!"