புகையில்லாச் சம்பந்தம்

"அந்த நெருப்புல நான் பால் காய்ச்ச மாட்டேன்! என்னைக் கொன்னாலும் மாட்டேன்!"

பிச்சம்மாளின் குரல் மதில் தாண்டிப் போய், பாறசாலை பஸ்ஸுக்கு நின்றவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மகன் ஈஸ்வரும் விடுவதாக இல்லை.

"பின்ன விறகையா எரிக்கப் போறீங்க? வாறவரு யாருண்ணு தெரியும்லா? திருவனந்தபுரத்துல சட்டம் எழுதுற ஆபீசராக்கும்!"

வருகிறவர் சிதம்பரநாதன். ஈஸ்வரின் தங்கை சுஜாவைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளையின் அப்பா. தூய எரிசக்தி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று மாநிலத்துக்குப் புதிதாக ஒரு சட்டம் வரப்போகிறதாம்; அதன் வரைவு அவர் மேசையில்தான் வருஷக்கணக்காகப் பத்திரமாக இருந்தது. அது வந்தால் விறகு எரிக்கும் வீட்டுக்கெல்லாம் அபராதம். மாநில எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் தோஷமில்லை. அது தமிழ்நாட்டுப் புகை.

சட்டசபைக்குப் போகும் முன்பே மனிதர் அந்தச் சட்டத்தைச் சம்பந்திகள்மேல் அமல்படுத்தத் தொடங்கியிருந்தார். போன மாதம் நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் வீட்டுக் கூரையில் புகை எழும்புவதைப் பார்த்து, வாசலோடு திரும்பிவிட்டார்.

சுஜாவுக்கோ இருபத்தெட்டு நடந்தது. வந்த வரன் எல்லாம் ஏதேதோ காரணத்தில் கைநழுவிப் போயிருந்தது. இதுவும் போனால் அவள் கதி என்ன என்று ஊரே கவலைப்பட்டது; அதாவது, மிகுந்த உற்சாகத்தோடு.

புகை விஷயத்தில் மட்டும் இந்த வீட்டில் பயமில்லை. பாரலல் காலேஜ் என்கிற தனியார் டுடோரியலில் இயற்பியல் எடுக்கும் ஈஸ்வர், ஏதோ முகாமுக்குப் போய் ஞானம் பெற்று வந்து, பின்பக்கம் குழி வெட்டி பயோகேஸ் பிளான்ட் போட்டிருந்தான். அடுத்த வீட்டு விஜயம்மா மகள் பிரசவத்துக்குப் போயிருந்த மாதம் பார்த்துக் குழி வெட்டிவிட்டார்கள்; வேடிக்கை பார்க்க முடியாமல் போனது அவளுக்கு இன்றுவரை தீராத குறை.

பிச்சம்மாள் மட்டும் அந்த அடுப்புப் பக்கமே போகவில்லை. தனக்கும் சாமிக்கும் ஓலையும் சிரட்டையும் எரித்துத் தனியாகப் பொங்கினாள். வெடித்துவிடும் என்ற பயம்போல, என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"சுஜாவ நெனச்சுப் பாரு. ஒரு நாளைக்குத்தானே?" என்று பிச்சம்மாளிடம் கெஞ்சினார் அவள் கணவர் நீலகண்டன். விடியும் முன்பே பால் சொசைட்டியில் வரிசை நின்று, பாயசத்துக்குப் பால் வாங்கிவந்த களைப்பு அவருக்கு.

பிச்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். "சரி. ஆனா எலே ஈஸ்வரா, அவரு முன்ன அந்தக் குழியப் பத்தி நீ வாயே திறக்கப்பிடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினான்.

சிதம்பரநாதன் வந்தார். பெண்ணைப் பார்க்கும் முன் அடுப்பைப் பார்த்தார். நீலமாக எரிந்த தீயைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெட்கம், கூட வந்த மாப்பிள்ளை முகத்தில்கூட வரவில்லை.

"கொள்ளாம்! புகை இல்ல, கரி இல்ல. இதைத்தானே நான் ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன்!"

பாயசம் வந்தது. ஒரு டம்ளரை முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

"கோமாதா நிக்கிற வீட்டுல ஐஸ்வர்யம் தானா வரும். இது பாயசம் இல்ல கேட்டேளா, பிரசாதமாக்கும்!"

பிச்சம்மாள் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தாள். நீலகண்டனுக்கு இருமல் வந்தது. சுஜா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வெட்கம் என்று மாப்பிள்ளைப் பையன் நினைத்துக்கொண்டான்.

"நிச்சயதார்த்தம் இந்த மாசமே வச்சிரலாம்" என்றார் சிதம்பரநாதன், மூன்றாவது டம்ளரை வழித்துக்கொண்டே. "சீதனம்னு ஒண்ணும் வேண்டாம். என் சட்டத்துக்கு உங்க வீடுதான் முன்மாதிரி. மந்திரியக் கூட்டிட்டு வந்து, இதே அடுப்புல வச்ச பாயசத்த அவரையும் குடிக்க வைக்கப் போறேன்."

"ஐயோ, மந்திரியெல்லாம் எதுக்கு!" என்று அலறிவிட்டாள் பிச்சம்மாள். அடக்கமான குடும்பம் என்று சிதம்பரநாதனுக்கு இன்னும் பிடித்துப்போனது.

கை கழுவப் பின்பக்கம் வந்தவர் அதோடு நிற்கவில்லை. "அந்த மகாலட்சுமிய ஒரு தடவ தொட்டுக் கும்பிடணும்" என்று, அடுப்பிலிருந்து போகும் குழாயைப் பார்த்தபடியே நடந்தார். ஈஸ்வர் பின்னால் ஓடினான். குழாய் முருங்கையைச் சுற்றி, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, ஒரு சிமெண்ட் மூடிக்குள் இறங்கியது. அதற்கு அந்தப் பக்கம் வீட்டுக் கக்கூஸ் மட்டும்தான் நின்றது.

சிதம்பரநாதன் நாலு பக்கமும் பார்த்தார்.

"தொழுத்து எங்க தம்பி? பசு எங்க?"

அடுத்த ஆவணியில் சுஜாவின் கல்யாணம் ஜோராக நடந்தது. மாப்பிள்ளை வேறு ஆள்; மார்த்தாண்டத்தில் சிலிண்டர் ஏஜென்சி வைத்திருப்பவர் மகன். அவள் இப்போது அங்கேதான். சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

முதல் சம்பந்தம் ஜாதகம் பொருந்தாமல் முறிந்தது என்று பிச்சம்மாள் சொல்லித் திரிகிறாள். ஆனால் அன்று மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுவதுபோல நின்ற விஜயம்மாவின் காதில், சத்தியத்தை மறந்த ஈஸ்வரின் பெருமை பொங்கும் பதில் தெளிவாகவே விழுந்தது.

"பசு எதுக்கு மாமா? வீட்டுல நாங்க நாலு பேரு உண்டுல்லா!"