வளைவு ஜன்னலுக்கு ஒரு திரை

“முதல்ல அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்கோ. ரோட்டில போறவன் பார்த்தா, கூலியாக்கள் தங்கிற கொங்சி எண்டெல்லோ நினைப்பான்.”

சொன்னது மாமியார் சந்திராதேவி. ஏணியில் நின்றிருந்த திரைச்சீலைக் கடை தாவூது, வளைவு ஜன்னலின் நெற்றியில் லோகேஸ்வரி மூன்று மாதமாக ஒட்டி ஒட்டி வைத்திருந்த அலுமினியத் தாளை நகத்தால் சுரண்டி இழுத்தார்.

அரைவட்டக் கண்ணாடி பளிச்சென்று வெளியே வந்தது. காலை எட்டு மணி வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது.

லோகேஸ்வரி கண்களை மூடிக்கொண்டாள். செங் வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர இரவு வேலையை முடித்து, அரை மணி நேரம் முன்புதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள். நீலச் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

கைப்பையில் இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கிவிட்டாள். இன்னொரு முறை தூங்கினால் கடிதம் வராது, பஸ்ஸும் வராது.

மாமிக்கு வேண்டியதும் அதுதான். அதை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. புக்கிட் பெருவாங்கில் இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து வாசலில் ஃபேக்டரி பஸ் நின்றதே கிடையாதாம். குடும்பத்தில் டாக்டர் உண்டு, எஞ்சினியர் உண்டு, போனால் போகிறதென்று ஒரு கிளார்க்கும் உண்டு. சீருடை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவர் யாருமில்லையாம். ரெம்பியா ரப்பர் தோட்டத்திலிருந்து மருமகள் வந்தாள், பின்னாலேயே பஸ்ஸும் வந்தது.

கணவன் பிரஷாந்த் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவான்.

தினமும் பத்து மணிக்கு மாமி அறைக்குள் வருவார். கதவைத் தட்டுவதில்லை. ஜன்னல் துணியைச் சர்ரென்று இழுத்துவிட்டு, “இண்டைக்கு இங்க ஒருத்தரும் சாகேல்ல, பிள்ளை” என்பார். லோகேஸ்வரி தாழ்ப்பாள் போடத் தொடங்கிய பிறகு அது நின்றது. பேச்சும் நின்றது.

போன வாரம் மாமியே தாவூதை வரவழைத்தார்.

தாவூது இரண்டு வகை காட்டினார். ஒன்று, வளைவின் அளவுக்கு அட்டையில் அச்சு வெட்டி, விசிறிபோல் மடித்த துணியை மேலே பொருத்துவது. மாட்டினால் மாட்டியதுதான், திறக்காது. லோகேஸ்வரி அதைத்தான் தொட்டாள்.

மற்றது, வளைவுக்கும் மேலே சுவரில் பெட்டி வைத்து, ஜன்னலையே முழுதாக மூடும் சுருள்திரை. இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டம். ஓரத்தில்கூட வெளிச்சம் கசியாது. அவ்வளவு உயரத்துக்குக் கயிறு சரிப்படாது, மோட்டர்தான். ரிமோட் இரண்டு வரும்.

“இதைப் போடுங்கோ,” என்றார் மாமி. “என்ர செலவு.”

லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த பதினான்கு மாதத்தில் மாமி அவளுக்கென்று வாங்கும் முதல் பொருள். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், மாமி துணியின் கனத்தை விரலால் தேய்த்துப் பார்க்கப் போய்விட்டார். இருப்பதிலேயே கனமானதாக எடுத்தார்.

இப்போது ட்ரில் சத்தம் ஓய்ந்தது. தாவூது இறங்கி வந்து, விரல் நீள ரிமோட்டை லோகேஸ்வரியின் கையில் வைத்தார்.

“அமுக்கிப் பாருங்கமா. ஒரு பொட்டு வெளிச்சம் வந்தாலும் நான் கடையை மூடிடுறேன் லா.”

அமுக்கினாள். திரை முனகிக்கொண்டே இறங்கியது. அரைவட்டம் போனது, ஜன்னல் போனது, கட்டில் போனது. தன் கையே தனக்குத் தெரியவில்லை.

தாவூதை வழியனுப்ப மாமி வாசல்வரை போனார். கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு கேட் சாத்தும் சத்தம்.

லோகேஸ்வரி தாழ்ப்பாள் போட்டாள். சீருடையை மாற்றவும் தெம்பில்லாமல், ரிமோட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு படுத்தாள். மாமியைப் பற்றி அம்மாவிடம் போனில் கொட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். மூன்றாவதோ நான்காவதோ எடுக்கும்போது தூங்கிப்போனாள்.

முனகல் கேட்டது.

கண்ணிமைக்குள் முதலில் சிவப்பு, அப்புறம் வெள்ளை. திரை ஏறிக்கொண்டிருந்தது.

தூக்கத்தில் தானே அமுக்கிவிட்டதாக நினைத்து இறக்கினாள். பாதிவரை வந்த திரை நின்றது. மறுபடி மேலே ஏறியது.

அவள் விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை.

இன்னொரு முறை இறக்கினாள். இன்னொரு முறை ஏறியது. இந்தத் தடவை அரைவட்டத்தின் உச்சிவரை போய்த்தான் நின்றது. வெயில் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

மணி பத்து. தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

“மோட்டர் நல்லா வேலை செய்யுது, என்ன பிள்ளை?”